தேருக்கு வெட்டிய பந்தலும் நான்கடிப் பெட்டியும்

இன்று காலை பந்தலை வெட்டினேன். சித்திரைத் தேருக்கு முன்பு எங்கள் தெருவில் எல்லோரும் செய்கிற வேலைதான். வெயிலுக்காகப் பங்குனியில் வாசலில் போட்ட கீற்றுப் பந்தல் தேரின் வழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முன்வரிசை மூங்கிலை அவிழ்த்து, கீற்றின் விளிம்பை அரிவாளால் நறுக்கி, பின்னுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ஏணியில் நின்று நறுக்கும்போது காய்ந்த கீற்றிலிருந்து ஒரு தூசி எழும். அந்த மணம் மூக்கில் ஏறியதும், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

குனிந்து பார்த்தேன். ஏணியை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நீங்கள் அல்ல. ஏறக்குறைய என் வயதுக்காரர். வேட்டியின் ஓரத்தில் செம்மண் கறை. உப்பிலியபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகவும், உங்கள் தங்கை லூர்து மேரி விலாசம் கொடுத்து அனுப்பியதாகவும், ஏணி ஆடுவதைப் பார்த்துக் கேட்காமலே பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார். நான் இறங்குவதற்குள் வந்த காரியத்தையும் சொல்லிவிட்டார்.

"சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கியிருக்கேங்க. நிலம் மேடும் பள்ளமுமா கெடக்கு. பெட்டிப்பரம்பு ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். என்ன அகலம் போடணும்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க லூர்தம்மா."

நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது சித்திரை இது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். பதிலும் சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது சரிதானா என்று கேட்க உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் நம் மேசைகள் எதிரெதிர். நான் கணிதம், நீங்கள் பௌதிகம். ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் 'சார்' என்றே அழைத்தோம். அதைத் தாண்டிப் போக இருவருக்கும் தோன்றவில்லை. நான் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவன். நீங்கள் மேலப்புதூர்க் கிறிஸ்தவர். என் வீட்டில் நீங்கள் வெள்ளித் தம்ளரில் காப்பி குடித்ததும், உங்கள் வீட்டில் நான் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டதும் நம் இருவருக்கும் தெரிந்த விதிகள். விதிகளைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் என்னைக் கேலி செய்ததில்லை. கணக்கில் நான் தசமத்தை விடாமல் பிடிப்பதை மட்டும் கேலி செய்வீர்கள்.

ஓர் ஐப்பசியில் கொள்ளிடம் கரையை மீறியது. அக்கரையில் இருந்த உங்கள் தங்கையின் வயலின் மேல் வெள்ளம் மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. ஓரிடத்தில் முழங்கால் உயரம், இன்னோரிடத்தில் கணுக்கால் உயரம். அவள் கணவர் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்த நிலம்தான் சோறு. மணலுக்கு அடியில் இருந்த களிமண்ணின் மேல் ஒரு செங்கல் காளவாய்க்காரருக்குக் கண். வெள்ளம் வடிந்ததுமே அவர் ஆள் அனுப்பிவிட்டார். புகுந்த வீட்டார் கொடுத்துவிடச் சொன்னார்கள். காளவாய்க்குத் தோண்டிய வயல் மறுபடி வயலாவதில்லை, குட்டையாகத்தான் கிடக்கும்.

மணல்மேட்டின் மேல் நின்று அவள் உங்களிடம் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள இது வயலா ஆகணும். ஆகலேன்னா காளவாய்க்காரருக்குச் சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் நீங்க என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

நீங்கள் சரி என்றீர்கள்.

அந்த நிலத்தை உழுதுவந்த சின்னையன் தம் மாடுகளைப் பூட்டி, நிலத்தைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையை இழுத்துப் பார்த்தார். மாடுகளின் கால் மணலில் புதைந்தது, மேடு அசையவில்லை. பிறகுதான் நீங்கள் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தார் கழித்த சிறிய டிராக்டரை வாங்கி வந்தீர்கள். இருபது குதிரைச் சக்தி. வண்ணம் வெளுத்து, இருக்கை கிழிந்து லாரியிலிருந்து இறங்கிய அதைச் சின்னையன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இது டிராக்டரா, இல்லை டிராக்டரின் கன்றுக்குட்டியா என்று கேட்டார். பின்னால் கட்டி இழுக்க வேண்டிய கருவியை நாம் நூலகத்தில் ஓர் அயல்நாட்டு வேளாண் இதழின் படத்தில் கண்டோம். பின்புறமும் இரு பக்கமும் அடைத்து, முன்னும் அடியும் திறந்த இரும்புப் பெட்டி. பின்சுவரின் அடி விளிம்பில் வெட்டும் தகடு. மேட்டில் மண்ணைச் சீவி வாங்கிக்கொண்டு பள்ளத்தில் விட்டுவிடும். படத்தைப் பார்த்த சின்னையன் அதற்குப் பெட்டிப்பரம்பு என்று பெயர் வைத்தார்.

எவ்வளவு அகலம் என்பதில்தான் நாம் முட்டிக்கொண்டோம். அந்த இதழில் இரண்டு விதிகள் இருந்தன. பெட்டி, டிராக்டரின் பின்சக்கரங்களின் வெளிவிளிம்புகளை மூட வேண்டும். இல்லையென்றால் சக்கரத் தடம் நிலத்தில் நின்றுவிடும். இது ஒன்று. ஓர் அடி அகலத்துக்கு ஏறக்குறைய ஐந்து குதிரைச் சக்தி வேண்டும். இல்லையென்றால் பெட்டி நிரம்பியதும் வண்டி நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழற்றித் தனக்கே குழி பறிக்கும். இது மற்றொன்று. நம் வண்டியின் பின்சக்கரங்கள் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு ஐந்தேகால் அடி. முதல் விதிப்படி பெட்டி ஐந்தரை அடி. இரண்டாம் விதிப்படி நான்கு அடி.

நான் நான்கடியைப் பிடித்தேன். ஈர மணல் எவ்வளவு கனக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்கள் ஐந்தரையைப் பிடித்தீர்கள். நான்கடியானால் எத்தனை முறை திருப்பி ஓட்டினாலும் கடைசி ஓட்டத்தின் தடம் இரண்டு வாய்க்காலாக நிற்கும், அதன் வழியே தண்ணீர் முழுதும் ஓடிவிடும், நாற்று காயும் என்றீர்கள். இருவர் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை. ஒருவர் சொன்னது தவறாக இருந்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

பர்மிட் வாங்கி, காத்திருந்து கிடைத்த இரும்புத் தகடு ஒன்றே ஒன்று. அது பாலக்கரையில் ஒரு பட்டறையில் சுவரில் சாய்ந்து கிடந்தது. பட்டறைக்காரரான பாய், தினமும் சைக்கிளில் போய் அதைப் பார்த்துவிட்டு அளவு சொல்லாமல் திரும்பும் நம்மைச் சில நாள் பொறுத்துப் பார்த்தார்.

"ஒரு பெட்டிக்கு அளவு சொல்ல ரெண்டு வாத்தியாருக்கும் இத்தனை நாளா? பசங்களுக்கு எப்படி சார் மார்க் போடறீங்க?"

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் இன்றைப் போல ஒரு காலையில், நான் ஏணியில் நின்று பந்தலை வெட்டிக்கொண்டிருக்க, நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டீர்கள். ஐந்தரையைப் பற்றி இன்னொரு முறை பேசத்தான் வந்திருந்தீர்கள். கொஞ்ச நேரம் நான் வெட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

"வருஷா வருஷம் வெட்டணும்னு தெரியும். அப்புறம் ஏன் சார் முழுசாப் போடறீங்க?"

"வெயில் பங்குனியிலேயே வந்துடறது. தேர் சித்திரையிலதானே வரது."

"தேரைக் கொஞ்சம் ஒடுக்கமாச் செஞ்சிருக்கலாம்."

என்னை வம்புக்கு இழுக்கிறீர்கள் என்று தெரிந்தும் எனக்குச் சுருக்கென்றது. "தேரோட அகலம் மாறாது சார். தெருவோட அகலமும் மாறாது. இதுல மாறக்கூடியது பந்தல் ஒண்ணுதான். அதனால அதை மாத்தறேன்" என்றேன்.

ஏணி ஒரு பக்கமாகச் சரிந்தது. மூங்கிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தால், நீங்கள் ஏணியை விட்டுவிட்டுத் தெருவின் நடுவில் நின்றுகொண்டிருந்தீர்கள். திட்ட வாயெடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. வகுப்பில் சோதனை ஒன்று கணக்குப்படியே வந்துவிட்டால் மாணவர்களை மறந்து நிற்பீர்களே, அந்த முகம்.

"மணலோட கனம் மாறாது. எஞ்சினோட சக்தி மாறாது. அதனால பெட்டி நாலடிதான், நீங்க சொன்னதுதான். தடம் அழிஞ்சாகணும், அதுவும் மாறாது" என்று எண்ணிக்கொண்டே வந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "சக்கரம் மாறும் சார்."

காப்பி குடிக்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள். மூங்கிலைக் கட்டி முடித்துவிட்டு நான் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி வயலுக்கு வந்தபோது, நீங்கள் வண்டியின் பின்னால் மணலில் மண்டியிட்டிருந்தீர்கள். பின்சக்கரத்தின் நடுத்தகடு தட்டையானது அல்ல. சோற்றுத் தட்டைப் போலக் குழிந்தது. அந்தக் குழிவு வெளிப்புறம் பார்த்தால் சக்கரம் அகன்று நிற்கும். உட்புறம் பார்த்தால் ஒடுங்கி நிற்கும். மலைச்சரிவில் கவிழாமல் இருக்க ஏற்காட்டுக்காரர்கள் அதை அகலமாகத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். வண்டி வந்த நாள் முதல் ஐந்தேகால் அடியை அதன் பிறவி உடம்பென்று நினைத்து, அதை நாடாவால் திரும்பத் திரும்ப அளந்து, தசமத்தோடு எழுதி வைத்து வாதாடியிருந்தோம். சக்கரங்களைக் கழற்றி இடம் வலமாக மாற்றித் திருப்பிப் பூட்டியபோது வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு நான்கடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான்கடிப் பெட்டி அதை மூடும். பக்கத்துக்கு அரை அங்குலம் மிஞ்சும்.

நான் நாடாவைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். நான் எந்த விதியையும் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரெதிராக நின்ற இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் போய்விட்டன.

லூர்து மேரிக்கு மட்டும் அச்சம். ஒடுங்கிய வண்டி வரப்பில் ஏறும்போது சாய்ந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். சமதளத்தில் சாயாது என்றீர்கள். அவள் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. ஆள் வைத்துக் குறுக்கு வரப்புகளை வெட்டித் தள்ளி, வண்டி எங்கும் ஒரு பக்கமாக ஏற வேண்டியிராதபடி செய்துவிட்டாள். உங்கள் வீட்டில் பௌதிகம் உங்களோடு முடியவில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தேரன்று நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். நம்பெருமாளை நான் சேவிக்க, நீங்கள் மரியாதையாகப் பின்னால் பந்தல் தூணருகே நின்றீர்கள். வடம் பிடித்தவர்களின் 'ரங்கா, ரங்கா' என்ற குரல் நெருங்கி வர, தெருவே அசைந்து வருவது போலத் தேர் வந்தது. என் பந்தலின் விளிம்புக்கும் தேரின் அலங்காரத்துக்கும் இடையில் காற்று மட்டும் போயிற்று. நான் பிறந்தது முதல் பார்க்கும் காட்சி. ஆனால் அன்று திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் வாயைத் திறந்தபடி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஒரு சாண்கூட இல்ல சார்" என்றீர்கள். "ஆனா தொடலை."

அத்தனை ஆண்டுகளில் நான் அந்த இடைவெளியைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் பாலக்கரைக்குப் போனோம். தகட்டில் நீங்களே சாக்பீஸால் கோடு இழுத்தீர்கள். பாய் கோட்டைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். வெட்டிய பிறகு ஐந்தரை வேண்டும் என்று வந்து நின்றால் ஒட்டித் தர மாட்டேன் என்றார். வேறு தகடு கிடைக்க அடுத்த வெள்ளமே வந்துவிடும் என்பது மூவருக்கும் தெரியும். "வெட்டுங்க பாய்" என்றீர்கள். உங்கள் குரலில் ஓர் அசைவும் இல்லை. மிஞ்சிய துண்டிலிருந்து பெட்டியின் பக்கச் சுவர்கள் கிடைத்தன. ஐந்தரைக்கு வெட்டியிருந்தால் அவற்றுக்கு இரும்பே இருந்திருக்காது என்பதை அங்கே நின்றபோதுதான் கவனித்தோம்.

வைகாசி வெயிலில் நீங்கள் வண்டியை ஓட்டினீர்கள். கல்லூரிக்கு விடுமுறை, தலையில் துண்டு, காலில் செருப்பு இல்லை. எஞ்சின் முனகியது, நிற்கவில்லை. பெட்டி மேட்டில் மணலை வாங்கி நிரம்பி, பள்ளத்தில் மெல்லக் கொடுத்துக்கொண்டே போயிற்று. மிஞ்சிய மணலை ஆற்றுப் பக்கம் தள்ளி ஒதுக்கினீர்கள். நான் வரப்பில் நின்று பார்த்தது அதையல்ல. வண்டிக்குப் பின்னால் சக்கரத் தடம் பிறந்த இடத்திலேயே அழிந்துகொண்டிருந்தது. ஒரு வண்டி அந்த வழியே போனது என்று சொல்ல நிலத்தில் ஓர் அடையாளமும் இல்லை. அவ்வளவு கனமான ஒன்று தான் போன சுவட்டைத் தானே எடுத்துக்கொண்டு போவதை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. சின்னையன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கன்னுக்குட்டி இல்ல சார் இது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதும் எனக்கு நிம்மதி இல்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிவது வேறு, சமமாக இருப்பது வேறு. நான் மட்டக்கோல் கொண்டுவந்து பார்க்கலாம் என்றேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "தண்ணி வந்து பார்க்கட்டும் சார். நாம என்ன படிச்சிருக்கோம்னு அதுக்குத் தெரியாது."

ஆனி கழிந்து தண்ணீர் வந்தது. காளவாய்க்காரரின் ஆளும் வந்து வாய்க்கால் கரையில் குடையோடு நின்றான். லூர்து மேரி தானே மடையைத் திறந்தாள். தண்ணீர் முதலில் ஒரு நாக்கை நீட்டியது. எந்தப் பக்கம் போவதென்று தேடுவது போலச் சற்றே நின்றது. அப்படி ஒரு பக்கம் இல்லை. நிலம் அதற்கு எந்த வழியையும் காட்டவில்லை. அது எல்லாப் பக்கமும் ஒன்றுபோல விரிந்தது. ஒரு விரல் ஆழத்தில் நான்கு மூலையையும் தொட்டு நின்றது. நின்றதும் அதில் வானம் முழுவதும் வந்து இறங்கியது. உங்கள் தங்கை சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நான் என்னையறியாமல் கைகூப்பியிருந்தேன். நீங்கள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் நிற்பது போலவே நின்றீர்கள். ஆனால் உங்கள் கண்கள் நிறைந்திருந்தன.

குடைக்காரன் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆண்டு சம்பா விளைந்தது. அதன் பிறகும் விளைகிறது. இரண்டு பெண்களில் மூத்தவள் இப்போது ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள்.

போன ஆண்டுக்கு முந்தைய கார்த்திகையில் வகுப்பு முடித்து வந்து எதிர் மேசையில் உட்கார்ந்தீர்கள். விரல்களில் சாக்பீஸ் தூசி. ஏதோ சொல்ல வந்தவர் போல என்னைப் பார்த்தீர்கள், அப்படியே சாய்ந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் முறைப்படி ஒரு பிடி மண் போட்டேன். என் முறைப்படி காவிரியில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதைக் கவனித்திருப்பீர்கள்.

இனி இன்று வந்தவருக்கு நான் சொன்ன பதில். "நான்கடி" என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அந்த அளவின் மேல் எனக்கு அவ்வளவு பக்தி. சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, மாறாதது எது என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வண்டி நம்முடையதைப் போன்றதே. அதே இருபது குதிரைச் சக்தி. சக்கரங்கள் அகலமாகவே பூட்டியிருக்கின்றன. திருப்பிப் போடச் சொல்லலாமா என்று நினைத்தபோது அவர் ஒன்று சொன்னார்.

"நெலம் பச்சைமலை அடிவாரங்க. ஒரு பக்கமா எறக்கமாத்தான் இருக்கும்."

அங்கே மாறாதது சரிவு. அந்தச் சரிவில் ஒடுங்கிய வண்டி கவிழும். நான்கடி என்று சொல்லியிருந்தால் உங்கள் பெயரால் ஒரு மனிதரை ஆபத்தில் தள்ளியிருப்பேன். சக்கரம் அகன்றே இருக்கட்டும் என்றேன். தடம் அழிய ஐந்தரை அடி போடுங்கள். ஆனால் சுவரைத் தாழ்வாக வையுங்கள், பெட்டி அதிகம் கொள்ளாதபடி. ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாக எடுங்கள். பொழுது ஆகும், ஆகட்டும். அங்கே மாறக்கூடியது ஆழம்தான்.

சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது. அந்த ஆண்டு நீங்கள் வாதாடிய ஐந்தரையை இன்று என் வாயால் சொல்லியிருக்கிறேன். சரிதானே சார்?

அவர் கிளம்பும்போது பந்தலை அண்ணாந்து பார்த்தார். வருஷா வருஷம் வெட்ட வேண்டும் என்றால் முதலிலேயே குறைத்துப் போட்டுவிடலாமே என்று கேட்டார். நீங்கள் போன பிறகு நானும் அதை நினைத்ததுண்டு. அப்படிப் போட்டால் ஏணியும் வேண்டாம், அதைப் பிடிக்க ஆளும் வேண்டாம். ஆனால் நான் முழுதாகத்தான் போடுகிறேன். வழிவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் கையால் செய்தால்தான் எதற்கு வழிவிடுகிறோம் என்பது நினைவில் நிற்கிறது.

நாளை மறுநாள் தேர். ஒரு சாண் விட்டுக் கட்டியிருக்கிறேன். முன்வரிசையில் நின்று சேவித்துவிட்டு, நீங்கள் நின்ற தூணருகே போய் நிற்பேன். தேர் போகும்போது அந்த இடைவெளியைப் பார்ப்பேன்.